பேத்தி என்னை இங்கிலீஷில் எழுதினாள்

நான் இன்னும் சாகவில்லை. ஆனால் இங்கிலீஷில் பலமுறை செத்திருக்கிறேன். ஒருமுறை நெஞ்சடைத்து, ஒருமுறை சர்க்கரை ஏறி, ஒருமுறை எதனால் என்று எழுதவே மறந்துபோய். கொன்றவள் என் மூத்த மகனின் மகள். கொன்றுவிட்டு, "எழுந்து டீ குடி ஆயா" என்பாள்.

அவள் நர்சு. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. கச்சிராயபாளையத்தில் இருக்கிற வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவாள். வெளிநாடு போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு நர்சுகளுக்கென்றே ஒரு இங்கிலீஷ் பரீட்சை வைக்கிறார்கள். கேட்பது, படிப்பது, பேசுவது, எழுதுவது என்று அந்தப் பரீட்சைக்கு நாலு கால். மூன்று காலில் நின்றுவிட்டாள். எழுதுகிற காலில் ரெண்டு தரம் நொண்டி விழுந்தாள்.

மூன்றாவது தடவை எழுதுகிறேன் என்று கேட்டபோது, அவள் அப்பன் தோட்டத்துச் சேற்றைக் காலிலிருந்து கழுவிக்கொண்டே சொன்னான்.

"இதான் கடைசி. இந்தத் தபாவும் பூடுச்சின்னா தையில கல்யாணம். மாமா வூட்ல எவ்ளோ நாளைக்கிக் காத்துக்கினு இருப்பாங்க?"

மாமா வீடு என்றால் என் மருமகளின் அண்ணன் வீடு. திருக்கோவிலூர். மாப்பிள்ளை அந்த அண்ணனின் மகன், உரக்கடை வைத்திருக்கிறான். கெட்டவன் இல்லை. உர மூட்டைக்கு மீசை ஒட்டி ஸ்டூலில் உட்காரவைத்தது போல இருப்பான். என் பேத்தியைக் கண்டால் மூட்டை லேசாக அசையும். அவ்வளவுதான்.

"பாஸானா பிளேனு, ஃபெயிலானா யூரியா," என்றேன் நான். பேத்தி சிரிக்கவில்லை. அவள் அம்மாவும் சிரிக்கவில்லை. யூரியா அவளுக்கு அண்ணன் மகன் ஆயிற்றே.

அந்த எழுத்துப் பரீட்சையில் ஒரு நோயாளியைப் பற்றித் துண்டு துண்டாகக் குறிப்பு கொடுப்பார்களாம். அதை வைத்து, இந்த ஆளை இனிமேல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு டாக்டருக்கோ நர்சுக்கோ கடிதம் எழுத வேண்டும். சென்னையிலிருந்து ஒரு டீச்சரம்மா போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். பேத்தி எழுதி, போட்டோ பிடித்து அனுப்புவாள். சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வரும். ஆரம்பத்தில் வந்ததெல்லாம் தாளில் குங்குமம் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது.

தப்பெல்லாம் சின்ன வார்த்தைகளில்தான். இங்கிலீஷில் பெரிய வார்த்தை தனியாகப் போகாதாம். பின்னால் ஒரு சின்ன வார்த்தை கூடவே போகுமாம். ஹிஸ்டரி என்றால் பின்னால் ஆஃப். அலர்ஜி என்றால் டு. நீட் என்றால் ஃபார். ஏன் அதற்கு இது என்று கேட்கக் கூடாதாம். மனப்பாடம் பண்ண வேண்டியதுதான்.

"ஓகோ, சம்மந்தி வூட்டு வரிசை மாரி," என்றேன். "பெரிய மனுசன் கைய வீசிக்கினு முன்னாடி போறான். சின்ன ஆளு தட்டத் தூக்கினு பின்னாடி வரான். ஒருத்தன் தட்ட இன்னொருத்தன் தூக்கிட்டான்னா அடிதடி."

"அடிதடிலாம் இல்ல ஆயா. மார்க்க கொறச்சிடுவாங்க."

"அப்ப அடிச்சிட்டாவே தேவல."

வீடு முழுக்க ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டினாள். கண்ணாடியில், பீரோவில், குளியலறைக் கதவில். இடம் போதாமல் சமையலறைக்கும் போனாள். மிளகாய்த்தூள் டப்பாவில் 'கம்ப்ளெய்ன்ட் ஆஃப்', உப்பு டப்பாவில் 'ரீசன் ஃபார்'. அன்றைக்குச் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு நான் சொன்னேன்: "கம்ப்ளெய்ன்ட்டு ஜாஸ்தி, ரீசன் கம்மி." மருமகள் கரண்டியை எறிந்த சத்தம் கோமுகி அணை வரைக்கும் கேட்டிருக்கும்.

கடிதம் எழுதிப் பழக ஒரு நோயாளி வேண்டும். ஆஸ்பத்திரி நோயாளிகளை வீட்டுக்கு எடுத்து வர முடியாது. வீட்டில் ஓசியில் கிடந்தவள் நான். வேலை விட்டு வந்ததும் என் காலுக்குத் தைலம் தேய்ப்பாள். தேய்க்கிற கை ஒன்று, எழுதுகிற கை ஒன்று. என் சேலையெல்லாம் மை, அவள் தாளெல்லாம் தைலம்.

"ஆயா, இன்னிக்கி இன்னா பண்ணுது?"

"உங்கம்மா மூஞ்சப் பாத்தா வயித்தக் கலக்குது."

"எப்பலருந்து?"

"எம்மவன் தாலி கட்டனதுலருந்து."

அவள் முகம் மாறாமல் எழுதினாள். எழுதியதை வாய்விட்டுச் சொன்னாள்: ஹிஸ்டரி ஆஃப் வயிற்று வலி, நீண்ட காலமாக. உள்ளேயிருந்து மருமகள் குரல் வந்தது. "அத்தைக்கி வாய்ல வியாதி எதுவும் இல்லியான்னு கேட்டு எழுதுடி. எனக்குத் தெரிஞ்சி அங்கதான் இருக்குது."

இப்படி எனக்கு இல்லாத வியாதி இல்லை. அவள் கை பழகப் பழகச் சிவப்புக் கோடு குறைந்தது. ஆஃபும் டுவும் ஃபாரும் தானாக வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தன. ஆனால் மார்க் மட்டும் ஏறவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. திருக்கோவிலூரிலிருந்து மாமா, மண்டபத்துக்குச் சொல்லி வைக்கட்டுமா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் டீச்சரம்மா குரலிலேயே பதில் அனுப்பினாள். நான் கேட்கட்டும் என்று பேத்தி வைக்கவில்லை. நான்தான் கேட்டேன். எனக்கு வேண்டும்போது காது நன்றாகவே கேட்கும்.

"கிராமர்ல இப்ப குறையே இல்லம்மா. ஆனா குடுத்த குறிப்புல என்ன இருக்கு? பெரியவர் தனியா இருக்காரு, பையன் வர்றதே இல்லன்னு இருக்கு. நீ என்ன எழுதியிருக்க? பையன் ரொம்பப் பாசமானவர், வேலை காரணமா வர முடியலன்னு எழுதியிருக்க. அந்த வேலைய நீயா குடுத்தியா? போன லெட்டர்லயும் இதே. புருஷன் அடிச்ச காயம்னு குறிப்புல இருக்கு, நீ வழுக்கி விழுந்துட்டாங்கன்னு எழுதற. இதைப் படிக்கிற நர்ஸ் அந்தப் பொண்ண திரும்ப அதே புருஷன்கிட்ட அனுப்பிடுவா. உள்ளத எழுதலன்னா பாஸ் கிடையாது."

பேத்தி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னாடி இது? குடுத்ததப் பாத்து எழுதத் தெரியாதா?"

"கை வரமாட்டன்னுது ஆயா. அடுத்தவங்க வூட்டுச் சங்கதிய எப்பிடி எவனோ ஒரு டாக்டருக்கு எழுதறது? நாளைக்கி அந்தாளு புள்ளைய யாராவது மதிப்பாங்களா?"

"அந்தாளே கெடையாதேடி. அது பரீட்சைக்காரன் கட்டன கத."

"இருந்தாலும்."

நான் சிரித்தேன். ஆனால் எனக்குத் தெரியும். எங்கள் ஜனம் எல்லாமே இப்படித்தான். மகள் உதை வாங்கிக்கொண்டு வந்து நின்றால் திருவிழாவுக்கு வந்திருக்கிறாள் என்போம். மகன் குடித்துவிட்டு விழுந்து கிடந்தால் மயக்கம் என்போம். தெருவில் யார் கேட்டாலும் நானே சொல்லியிருக்கிறேன், என் பிள்ளைகள் தங்கம் என்று. அந்தத் தங்கத்தைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ரெண்டு மகன்கள். பெரியவன் கச்சிராயபாளையத்தில், சின்னவன் பக்கத்தில் வடக்கனந்தலில். நிலத்தைப் பிரித்தபோது கிணற்றைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், கடைசியில் என்னையும் பிரித்தார்கள். ஒரு மாதம் இவன் சோறு, ஒரு மாதம் அவன் சோறு. முதலில் காலண்டர் மாதம் என்றுதான் வைத்தார்கள். அதில் முப்பத்தொன்று வருகிற மாதம் தன் பக்கம் ஒன்று கூடுதலாக வருகிறது என்று சின்னவன் சண்டைக்கு வந்தான். ஒரு நாள் சோற்றுக்குப் பஞ்சாயத்து கூடியது. அதற்கப்புறம் அமாவாசைக்கு அமாவாசை என்று மாற்றினார்கள். நிலா யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணாது. அமாவாசை வந்தால் நான் பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிடுவேன்.

அப்படிப் போன ஒரு அமாவாசையில், வடக்கனந்தலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விழுந்தேன். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். தொடை எலும்பு கரும்பு ஒடிக்கிற சத்தத்தோடு உடைந்தது. டீக்கடை பெஞ்சில் தூக்கிப் படுக்க வைத்து, ரெண்டு மகன்களுக்கும் போன் போட்டார்கள். பெரியவன் சொன்னான், நான் பஸ் ஏற்றி விட்டாயிற்று, இனி அவன் பாடு. சின்னவன் சொன்னான், அமாவாசை மத்தியானத்துக்கு மேல்தான் பிறக்கிறது, என் வீட்டுப் படி மிதிக்காத வரைக்கும் அவன் பாடு. ரெண்டு பேரும் பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிற தூரத்தில்தான் இருந்தார்கள். காலையில் படுத்தவள், சூரியன் கல்வராயன் மலைக்குப் பின்னால் இறங்குகிற வரைக்கும் அந்தப் பெஞ்சில் கிடந்தேன். கடைசியில் எதிர்த்த மளிகைக்கடை பாய், "இன்னாங்கடா, இது ஒங்க ஆத்தாவா, அநாமத்து மூட்டையா?" என்று கத்திவிட்டு, அவருடைய சரக்கு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதனால்தான் இன்றைக்கும் கோல் ஊன்றி நடக்கிறேன். சீக்கிரம் வந்திருந்தால் எலும்பு நேராகக் கூடியிருக்கும் என்றார் டாக்டர்.

அப்போது பேத்தி சேலத்து ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். கதை அவளுக்கும் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள்.

டீச்சரம்மா திட்டிய மறுநாள், பேத்தி என் தொடையையே எடுத்து எழுத உட்கார்ந்தாள். எழுதி முடித்துவிட்டு, "இப்ப உள்ளத எழுதிட்டேன், கேளு," என்று தமிழில் சொன்னாள். பஸ்ஸில் இறங்கும்போது விழுந்தார்கள், மகன்கள் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

"உடனேவா?" என்றேன்.

அவள் பேனா மூடியைக் கடித்தாள்.

"எலும்பு ஏன் கோணலா கூடிக்கிச்சின்னு அந்த டாக்டரு கேப்பானே, அப்ப இன்னா சொல்லுவ?"

"டிலேன்னு போடறேன். ட்ரீட்மென்ட்ல டிலே."

"டிலேக்கு ரீசன்? அதான் உப்பு டப்பாவுல ஒட்டி வெச்சிக்கினு இருக்கிறியே, ரீசன் ஃபாரு. ஃபாருக்கு அப்பறம் இன்னா எழுதுவ?"

"பஸ் கெடைக்கலன்னு."

எனக்கு வந்தது பார், ஒரு சிரிப்பு. "பஸ்ஸுலருந்து வுழுந்தவளுக்கு பஸ் கெடைக்கலியா? நீ பேசாம திருக்கோவிலூருக்கே போடி. யூரியா ஸ்டாக் இல்லன்னு ஸ்லேட்டுல எழுதி மாட்டு. இருக்கறத இல்லன்னு எழுத ஒன்ன வுட்டா ஆளே கெடையாது. ஒன்னோட அப்பன் ரத்தம்தானடி நீ. அவன் பெஞ்சில வுட்டான், நீ பேப்பர்ல வுடற."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் காலை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள், மெதுவாகக்கூட இல்லை. புதுத் தாள் எடுத்தாள். பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி ஓடியது. எனக்கு உள்ளூர ஒரே குஷி. பெரியவனுக்கும் மருமகளுக்கும் இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முடித்ததும் எழுந்து நின்றுகொண்டு படித்தாள், ஒவ்வொரு வரியாக, தமிழில்.

"இந்தப் பேஷன்ட்டுக்கு ஹிஸ்டரி ஆஃப் ஃபால் இருக்குது. தொடை எலும்பு முறிஞ்சிது. ட்ரீட்மென்ட்டுல டிலே ஆச்சி. ரீசன் ஃபார் டிலே, யாரு மாசம்னு ரெண்டு புள்ளைங்களுக்கும் தகராறு."

"சபாஷ்," என்றேன்.

"இன்னும் முடியல. சர்க்கரை இருந்தும் திருட்டுத்தனமா வெல்லம் திங்கறாங்க. மாத்திரைய தலகாணி ஒறைக்குள்ள ஒளிக்கறாங்க. காது நல்லா கேக்குது, வேலை சொன்னா மட்டும் கேக்காது. மருமவ சோறு போடறதில்லன்னு தெருவுல சொல்றாங்க. ஆனா இன்க்ரீஸ் இன் வெயிட்."

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"படுத்த படுக்கையா கெடந்தப்ப பீத்துணி அலசனது அந்த மருமவதான். அதுக்கு ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. யார்கூடயும் ஒத்துப்போறதில்ல. ரெண்டு வூட்லயும் இவங்கள வெச்சிக்க யாருக்கும் இஷ்டம் இல்ல. பேத்தி ஒருத்தி பாத்துக்கினு இருந்தா, அவளும் போவப் போறா. அதனால ஒங்க முதியோர் இல்லத்துல எடம் குடுக்கணும்னு கேட்டுக்கறேன்."

அந்தக் கடிதம் எப்போதும் ஒரு வேண்டுகோளில்தான் முடியவேண்டுமாம். முடித்துவிட்டாள்.

கோலை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"அங்க நேரத்துக்குச் சோறு போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"மணி அடிச்சாப்பல போடுவாங்க."

"மாசம் மாத்துவாங்களா?"

"மாத்தமாட்டாங்க."

"அப்ப நல்லாத்தான் எழுதியிருக்கிற."

மருமகள் ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "அந்தத் தலகாணி ஒறைய இன்னொரு தபா படிடி," என்றாள்.

மகன் கரும்பு வெட்டு முடிந்து வந்தான். நான் சும்மா இருப்பேனா? என் தோலை மட்டும் உரித்தால் போதுமா? "ஒன்னப் பத்தியும் ஒரு வரி வந்துக்கிதுடா, கேளு," என்றேன். பேத்தி அப்பனுக்கு எதிரிலும் நின்று படித்தாள். டிலே வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"இத வெளிய அனுப்பப் போறியா?"

"டீச்சருக்குப்பா."

"ஊரு பேரு போடாத," என்றான். அவ்வளவுதான் கேட்டான். சோறு போடச் சொல்லி உட்கார்ந்தான்.

அந்தக் கடிதத்துக்கு டீச்சரம்மா ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை. "இதுதாம்மா லெட்டர். இந்தப் பாட்டி கேரக்டர் எங்கருந்து புடிச்ச?" என்று கேட்டாள்.

அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் என் பை வாசலில் இருந்தது. "புள்ளைக்கிப் பரீட்ச, கொஞ்சம் அமைதியா இருக்கட்டும்," என்றான் மகன். சின்னவன் வீட்டில் கதவைத் திறந்த சின்ன மருமகள் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் காலண்டரைப் பார்த்தாள். சின்னவன் போனில் அண்ணனிடம் கத்தினான், இந்த நாளையெல்லாம் அடுத்த மாதத்தில் கழித்துக்கொள்வேன் என்று. நான் வெளியில் உட்கார்ந்து, பையிலிருந்த தலையணையின் உறைக்குள், மாத்திரைகளுக்கு அடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பேத்தி பாஸானாள். எழுத்தில்தான் மற்ற மூன்றையும் விட மார்க் ஜாஸ்தியாம். உரக்கடைக்காரனுக்கு வேறு இடத்தில் முடித்தார்கள். கல்யாணத்துக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மூட்டைக்கு அன்றைக்குப் பட்டு வேட்டி நன்றாகத்தான் இருந்தது.

பிளேன் ஏறுவதற்கு முன்னால் வடக்கனந்தலுக்கு வந்தாள். கடைசியாக ஒருமுறை காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

"ஆயா, அந்த லெட்டர்ல ஒன்ன ரொம்பத் திட்டிட்டேனா?"

"திட்டனியா? எடம் கேட்டு எழுதியிருந்தியே, பதிலு வந்துதான்னு பாத்துக்கினு இருக்கறேன்."

தலையைக் குனிந்துகொண்டு அழுத்தித் தேய்த்தாள். வலித்தது. சொல்லவில்லை.

இப்போது அவள் அயர்லாந்தில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி இல்லை, முதியோர் இல்லம். என்னைப் பற்றி எழுதிப் பழகிய கை, அங்கே வெள்ளைக்காரக் கிழவிகளைப் பற்றி எழுதுகிறது. மகன் வருவதில்லை என்றால் வருவதில்லை என்றே எழுதுகிறாளாம். கை கூசுவதே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். எந்த அமாவாசையில் எந்த வீட்டில் இருப்பேன் என்று பார்த்து, சரியாக அந்த வீட்டு போனுக்குத்தான் வரும்.

போன வாரம் கூப்பிட்டாள். மாத்திரை போட்டாயா, வெளிக்குப் போனாயா, கால் வீங்கியிருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் நான் சொல்கிற பதிலுக்கு அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம். எழுதிக்கொள்கிறாளோ என்னமோ.

"ஏன்டி, நான் மறுபடி வுழுந்துட்டா வருவியா?" என்றேன்.

"எந்த மாசம்னு பாத்துச் சொல்றேன் ஆயா."

ரெண்டு பேரும் சிரித்தோம். நான் இருமுகிற அளவுக்குச் சிரித்தேன். சின்ன மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் உள்ளே போனாள். போனில் அந்தப் பக்கம் எங்கோ ஒரு மணி அடித்தது.

"ஆயா, வெக்கிறேன். ஒரு கெழவி பெல் அடிக்கிறா."

நான் சரி என்று சொல்வதற்குள் போன் கட்டானது. அந்தக் கிழவி மணி அடித்ததற்கும் என் பேத்தி ஓடியதற்கும் நடுவில் டிலேயே இல்லை.